பறிமுதல் தோப்பு

நெடுங்கரை போலீஸ் ஸ்டேஷனில் பிடித்துப் போட்ட வண்டிகள் வேர் விட்டுத் தழைத்த வருஷத்தில் அங்கே ஏட்டாக இருந்தவர் நம்பிராஜன். ஓய்வு பெற நாலு வருஷம் மீதி இருந்தவர், யாரையும் கை நீட்டி அடித்திராதவர், ஓசியில் ஒரு டீ கூடக் குடிக்காதவர், புகார் கொடுக்க வருகிற பொம்பளைகள் இன்ஸ்பெக்டர் அறையைத் தாண்டி நேராக இவர் மேஜைக்கு வந்து நிற்கிற அளவுக்கு நல்ல மனுசன் என்று பேர் வாங்கியிருந்தவர்.

அந்த நல்ல மனுசன்தான் கடற்கரையாண்டியின் வண்டியைப் பிடித்தார்.

மாவட்ட ஆபீஸ் சுவரில் ஒரு பலகை உண்டு. ஜில்லாவிலுள்ள ஸ்டேஷன்களின் பேரெல்லாம் அதில் வரிசையாக எழுதியிருக்கும். பேருக்கு எதிரே அந்த மாதம் போட்ட குடிபோதை வாகன கேஸ் எத்தனை என்று இருக்கும். முதலில் நிற்கிற ஸ்டேஷனுக்கு ரிவார்டும், வசூலான அபராதத்தில் ஒரு பங்கும் வரும். கடைசியில் நிற்கிற ஸ்டேஷனுக்கு மெமோ வரும். பொய்க் கேஸ் போடு என்று யாரும் யாருக்கும் சொன்னதில்லை. கேஸ் எங்கே என்றுதான் கேட்பார்கள், எங்கிருந்து என்று கேட்பதில்லை. புதிதாக வந்திருந்த இன்ஸ்பெக்டர் கிருபாகரன் கெட்டவரும் இல்லை. அந்தப் பலகையை நினைத்து மாதக் கடைசியில் சோறு இறங்காமல் கிடக்கிற ஆள், அவ்வளவுதான்.

அக்டோபர் இருபத்தெட்டாம் தேதி பதினொரு கேஸ் குறைந்தது. குடிக்கிறவர்கள் எல்லாரும் முதல் இரண்டு வாரத்திலேயே அகப்பட்டு, வண்டியில்லாமல் நடந்து போய்க் குடித்துக்கொண்டிருந்தார்கள். ரோட்டில் மிச்சமிருந்தவர்கள் குடிக்காதவர்கள் மட்டும்தான். காலை பத்து மணிக்கு மில் முக்கில் ஊதுகிற மெஷினோடு நின்றுகொண்டிருந்த ஏட்டுக்கு முன்னால், பின் சீட்டில் கருவாட்டுக் கூடையைக் கட்டிக்கொண்டு, தன் பழைய மொபெட்டில் கடற்கரையாண்டி வந்தார். பதினெட்டு வருஷமாக செவ்வாயும் சனியும் ஏட்டு வீட்டு வாசலில் நின்று ரப்பர் ஹாரனை அமுக்குகிறவர். ஏட்டைப் பார்த்ததும் தானாகவே வண்டியை ஓரங்கட்டி, சிரித்துக்கொண்டே ஊதினார்.

மெஷினில் பூஜ்யம் வந்தது. சீட்டு அடிக்கிற தாள் தீர்ந்து மூன்று மாதமாகியிருந்தது; கண்ணாடியில் தெரிகிற எண்ணைப் பார்த்துக் கையால் எழுதுவதுதான் அப்போது வழக்கம். முப்பதைத் தாண்டினால் கேஸ். ஏட்டு அந்தப் பூஜ்யத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நாற்பத்தாறு என்று எழுதினார்.

"என்ன ஏட்டையா சொல்லுது?"

"கூடக் காட்டுது அண்ணாச்சி."

"நான் அந்தக் கழுதையத் தொடவே மாட்டனே. உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியுது. மெஷின் காட்டுதே, நான் என்ன செய்ய?"

கடற்கரையாண்டி மெஷினை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு எண்ணும் எழுத்தும் படிக்கத் தெரியாது; வியாபாரமெல்லாம் மனக்கணக்குத்தான். அபராதம் பத்தாயிரம் என்றதும், வண்டியை விற்றாலே ஆறாயிரம் தேறாதே ஏட்டையா என்றார். சண்டை போடுகிற குரலில் இல்லை, கடையில் விலை கேட்டுவிட்டுப் பொருளைத் திரும்ப வைக்கிறவர் குரலில். கூடையை அவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். வண்டி ஸ்டேஷனுக்குப் போயிற்று.

நவம்பரில் மழை பிடித்தது. பதினேழு நாள் விடாமல் பெய்து, வளாகத்தில் நெருக்கியடித்துக் கிடந்த பைக், ஸ்கூட்டர், ஆட்டோ, மண் ஏற்றிய டிராக்டர், சக்கரம் இல்லாத லாரி எல்லாம் செம்மண் சேற்றில் பாதி புதைந்தன. மழை விட்ட அன்று காலையில், புதிதாக வந்த ஆட்டோவுக்கு இடம் பண்ணுவதற்காக ஏட்டு கடற்கரையாண்டியின் மொபெட்டைத் தள்ளினார். அது நகரவில்லை. குனிந்து பார்த்தபோது முன் டயரிலிருந்து வெள்ளை வெள்ளையாக நூல் போன்ற வேர்கள் இறங்கி மண்ணைப் பிடித்திருந்தன. பக்கத்து பைக்கிலும் அப்படித்தான். அதற்கடுத்த ஆட்டோவில் வேர்கள் விரல் தடிமன் இருந்தன. இன்ஸ்பெக்டர் மடக்கிய குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து, ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ரிஜிஸ்டர்ல ஏத்திருங்க ஏட்டு, நாளைக்கு ஆடிட்ல கேப்பான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். ஏட்டும் வழக்குச் சொத்துப் பதிவேட்டை எடுத்து, மொபெட் ஒன்று, பழையது, வேர் விட்ட நிலையில், என்று எழுதினார்.

பொங்கலுக்குள் இலை வந்துவிட்டது. ஆட்டோக்களுக்குப் பூவரசு மாதிரி அகன்ற இலை. பைக்குகளின் கைப்பிடியில் முருங்கைக் கொழுந்து போல மெல்லிசாக. சக்கரமில்லாத லாரி மட்டும் யாரும் எதிர்பாராதபடி கிளை கிளையாகப் பரந்து, மனுக் கொடுக்க வந்து வெயிலில் காய்கிற சனத்துக்கெல்லாம் நிழல் கொடுத்தது. ஹெல்மெட்டுக்குள் தவிட்டுக்குருவி கூடு கட்டியது. கடற்கரையாண்டியின் மொபெட் சின்னச் சின்னதாக வெள்ளைப் பூ பூத்தது. பூவில் லேசாகக் கருவாட்டு வாசனை இருந்ததால் ஊர்ப் பூனைகளெல்லாம் அதன் அடியிலேயே படுத்துக் கிடந்தன.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், வீட்டில் ஒரு பிள்ளை பிறந்தால் எப்படி எடுத்துக்கொள்ளுமோ அப்படி எடுத்துக்கொண்டது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. என்ன செய்யணும் என்றுதான் கேட்டார்கள். விவசாய ஆபீசர் வந்து டயரை அழுத்திப் பார்த்து, சத்துக் குறைவில்லை, வேப்பம் புண்ணாக்கு வைக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார். பள்ளிக்கூட டீச்சர் பிள்ளைகளைக் கூட்டிவந்து இலையைப் படம் வரையச் சொன்னாள். எப்படியோ அபராதத்தைப் புரட்டிக்கொண்டு வந்த நாலைந்து பேரிடம், பணத்தைக் கட்டிவிட்டு வண்டியைத் தாராளமாக எடுத்துப் போகலாம், ஸ்டேஷன் தரப்பில் தடை ஒன்றும் இல்லை என்று சொல்லப்பட்டது. அவர்கள் கயிறு கட்டி இழுத்துப் பார்த்து, வேர் அறுகிற சத்தம் கேட்டதும் மனம் கேளாமல் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போனார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். ஆண்கள் வண்டியின் சீட்டைத் தடவிக்கொண்டு நிற்க, பெண்கள் குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றினார்கள். மாலை ஆறு மணிக்கு சென்ட்ரி விசில் அடித்தால், ஆஸ்பத்திரியில் பார்வை நேரம் முடிந்தவர்களைப் போலக் கலைந்து போனார்கள்.

மாசியில் காய்த்தது. பழம் நாவல் நிறத்தில், உள்ளங்கை அளவில், உள்ளே மஞ்சள் சதையோடு நல்ல இனிப்பாக இருந்தது. பழுத்து விழும்போது அந்தந்த வண்டியின் ஹாரன் ஒரு தரம் ஒலிக்கும். பகலெல்லாம் நெடுங்கரையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஹாரன் கேட்டுக்கொண்டே இருக்கும். இது நம்ம ஆட்டோ, இது மேலத்தெரு பால்காரன் பைக் என்று பிள்ளைகள் சரியாகச் சொல்லும். கடற்கரையாண்டியின் ரப்பர் ஹாரன் முதல் முதலாகக் கேட்ட அன்று, ஸ்டேஷனுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த அவர் வீட்டில், அவர் மனைவி பேச்சித்தாய் உலை வைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே எழுந்து போய் வாசல் கதவைத் திறந்து நின்றாளாம், அவர் உள்ளே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கருவாட்டை ரகம் பிரித்துக்கொண்டிருக்கும்போதே.

பழத்தை என்ன செய்வது என்று இன்ஸ்பெக்டர் மேலே எழுதிக் கேட்டார். ஏலம் விடு என்று பதில் வந்தது, விட்டார், நல்ல தொகைக்குப் போயிற்று. அதில் ஒரு பங்கு ஸ்டேஷனுக்கே என்று அடுத்த வாரம் உத்தரவு வந்தது. அதற்கடுத்த வாரம் மாவட்ட ஆபீஸ் சுவரில் முதல் பலகைக்குப் பக்கத்தில் இரண்டாவது பலகை மாட்டினார்கள். அதில் கேஸ் இல்லை, மரம். நெடுங்கரை முதலில் இருந்தது, மற்ற ஸ்டேஷன்கள் துரத்திக்கொண்டு வந்தன. இன்ஸ்பெக்டர் கிருபாகரனுக்கு வாழ்க்கையில் முதல் முறையாக மாதக் கடைசியில் சோறு இறங்கியது, இறங்கியதோடு அது நின்றுவிடக் கூடாதே என்ற பயமும் பிடித்தது.

அப்புறம் எதற்கு வண்டியைப் பிடிக்கிறோம் என்பது யாருக்கும் முக்கியமாக இல்லை. கண்ணாடி உடைந்திருந்தது என்று பிடித்தார்கள், கண்ணாடி ரொம்பப் பளபளப்பாக இருந்தது என்றும் பிடித்தார்கள். இஸ்திரி வண்டி வந்தது, இளநீர் தள்ளுவண்டி வந்தது, கால் ஊனமான தச்சர் ஒருவரின் மூன்று சக்கர சைக்கிள் வந்தது, பேரூராட்சியின் சவ ஊர்தியும் வந்தது. எல்லாம் வேர் விட்டன. ஊர் நடக்கப் பழகியது. கல்யாண மாப்பிள்ளைகள் நடந்து வந்தார்கள், பிள்ளைத்தாய்ச்சிகள் வழியில் மூன்று இடத்தில் உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள், ரோட்டின் நடுக்கோட்டில் ஆடுகள் படுத்து அசை போட்டன. சாயங்காலமானால் ஏலம் எடுத்த குத்தகைக்காரன் பஸ் ஸ்டாண்டு வாசலில் பழத்தைக் கூறு கட்டி வைப்பான். ஆட்டோவைப் பறிகொடுத்த ஒருத்தன், அந்தக் கூறில் தன் ஆட்டோ காய்த்த பழத்தை அடையாளம் கண்டு, பிள்ளைகளுக்கு இரண்டு வாங்கிப் போவான். நல்ல பழம், மலிவு விலை. அதனால் கோபப்படவும் ஊருக்கு வாய் வரவில்லை.

கடற்கரையாண்டி நடந்தார். மேலப்பொட்டல், கருவேலன்குடி, ஆனையடி, நாலாங்கட்டளை என்று நாலு ஊர், பதினாலு கிலோமீட்டர். வண்டியில் ஒரு காலை வேளைக்குள் முடிந்தது, இப்போது விடிந்தது முதல் வெயில் தாழும் வரை ஆனது. நடையை அவர் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது வேறு. குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்டவர் என்ற செய்தி அவருக்கு முன்னாலேயே நாலு ஊருக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. பதினெட்டு வருஷமாக, ஆம்பளை இல்லாத நேரத்திலும் கதவைத் திறந்து தட்டை நீட்டி, "அண்ணாச்சி, சாளை இருக்கா" என்று கேட்ட பெண்கள் இப்போது ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு வேண்டாம்" என்றார்கள். நான் குடிக்கவில்லை என்று அவர் ஒவ்வொரு வாசலிலும் சொன்னார். குடித்தவர்களும் அதைத்தான் சொல்வார்கள் என்பதால் அதனால் பிரயோசனம் இல்லாமல் போயிற்று.

சித்திரை பத்தாம் தேதி பகல் பன்னிரண்டரை மணிக்கு, ஏட்டு ஸ்டேஷனில் ஒரு சைக்கிள் திருட்டுப் புகாரை எழுதிக்கொண்டிருந்தபோது, வெளியே மொபெட் மரத்தில் இருந்த காய், பழம், பிஞ்சு அத்தனையும் ஒரே நேரத்தில் உதிர்ந்தன. ரப்பர் ஹாரன் நிற்காமல் அலறியது. பூனைகள் சிதறி ஓடின. எழுதிக்கொண்டிருந்த பேனா ஏட்டின் கையில் அப்படியே நின்றது. அரை மணி நேரம் கழித்து ஆனையடியிலிருந்து போன் வந்தது: பஸ் ஸ்டாப் பக்கம் கருவாட்டு வியாபாரி ஒருவர் வெயிலில் சுருண்டு விழுந்து கிடக்கிறார், மூச்சு இல்லை.

விசாரணைக்குப் போன போலீஸ் ஏட்டுதான். பேச்சித்தாய் அவருக்கு முன்னாலேயே வந்து, புருஷன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, முந்தானையால் ஈயை ஓட்டிக்கொண்டிருந்தாள். அவள் கத்தவில்லை. ஏட்டு எழுத வேண்டியதையெல்லாம் எழுதி முடிக்கும் வரை காத்திருந்து, "ஏட்டையா, ஒண்ணு கேக்கட்டா" என்றாள்.

"கேளுங்க மதினி."

"நாளைக்கு இவர எரிக்கணும். விறகு வாங்கிருவேன். அந்த வண்டியிலருந்து ஒரே ஒரு கிளை மட்டும் வெட்டித் தாங்க. கூடவே போகட்டும். இருவது வருசம் பிள்ள மாதிரி வச்சிருந்தாரு."

ஏட்டு இன்ஸ்பெக்டரிடம் போய்ச் சொன்னார். கிருபாகரன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "வழக்குச் சொத்து ஏட்டு அது. குத்தகை ஜூன் வரைக்கும் இருக்கு. ஒரு கிளைய வெட்டிக் குடுத்தா நாளைக்கு நூறு பேர் வந்து நிப்பான். அந்தம்மாகிட்ட கோர்ட்ல மனு போடச் சொல்லுங்க" என்றார். அப்படிச் சொல்லிவிட்டுத் தன் சட்டைப்பையிலிருந்து ஐந்நூறு ரூபாயை எடுத்துப் பூமாலைக்கு என்று கொடுத்தார். ஏட்டு அந்த நோட்டோடு மொபெட் மரத்தடியில் போய் நின்றார். அரிவாள் ஸ்டேஷன் சமையல்கட்டில் இருந்தது, சென்ட்ரி டீக் குடிக்கப் போயிருந்தான், கை எட்டுகிற உயரத்தில் கிளை இருந்தது. நின்றார். மறுநாள் பூமாலையை வாங்கிக்கொண்டு சாவு வீட்டுக்குப் போனார். கூட்டத்தில் அவர் கையில் கிளை இருக்கிறதா என்று பேச்சித்தாய் ஒரு தரம் பார்த்தாள், அப்புறம் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து எட்டாம் நாள் ஏட்டின் மனைவி சொர்ணம் தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு, எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, ஒண்ணு கேக்கேன், உண்மையச் சொல்லணும். அன்னிக்கு அந்த மெஷினு நெசமாவே காட்டுச்சா?"

ஏட்டு சோற்றைப் பிசைந்தார்.

"காட்டலியா?"

"காட்டல."

சொர்ணம் சோற்றுப் பானையை மூடி வைத்தாள். "நெத்திலி அளந்து போட்டுட்டு, பிள்ளைக்குன்னு எப்பவும் ஒரு கை கூடப் போடுவாரு. நமக்குத்தான் பிள்ள இல்லியேன்னு நான் ஒருநா சொன்னேன். எனக்கு நீதான தாயி பிள்ள, மருமகனுக்கும் சேத்துத்தான் போடுதேன்னாரு" என்றாள். பிறகு எழுந்து போய்ப் பின்வாசலில் உட்கார்ந்துகொண்டாள். மருமகன் என்று கடற்கரையாண்டி சொன்னது தன்னைத்தான் என்பது ஏட்டுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. சோறு காய்ந்து கையில் ஒட்டும் வரை அவர் அப்படியே இருந்தார்.

மறுநாள் யூனிபாரத்தைத் துவைத்து இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு, நடந்தே கோர்ட்டுக்குப் போனார். வக்கீல் யாரையும் வைக்கவில்லை. வேறு ஒரு கேஸுக்காக வந்திருக்கிறார் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்க, மதியச் சாப்பாட்டு இடைவேளைக்குச் சற்று முன்னால் கூண்டில் ஏறி நின்று, கையால் எழுதிக் கொண்டுவந்த மனுவை நீட்டினார். மாஜிஸ்திரேட் நாற்பது வயதுப் பெண்மணி; இரண்டு முறை படித்தார், கண்ணாடியைக் கழற்றினார்.

"மெஷின்ல என்ன வந்துச்சு?"

"பூஜ்யம் அம்மா."

"நீங்க என்ன எழுதினீங்க?"

"நாப்பத்தாறு."

"ஏன் எழுதினீங்க?"

"பதினோரு கேஸ் குறைஞ்சுது அம்மா."

"எழுதினதால சரியாப் போச்சா?"

ஏட்டு தலை குனிந்தார். "இல்லம்மா. பத்து குறைஞ்சுது. அந்த மாசம் நாங்கதான் கடைசி. மெமோ வந்துச்சு."

 மாஜிஸ்திரேட் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மனுவை வாங்கி வைத்துக்கொண்டார். பத்து நாளில் தீர்ப்பு வந்தது: வழக்கு ரத்து, வண்டி இப்போது உள்ள நிலையிலேயே, வேர், கிளை, பழத்தோடு இறந்தவரின் மனைவிக்குச் சொந்தம். தீர்ப்புக்கு முன்னாலேயே ஏட்டை சஸ்பெண்ட் செய்த உத்தரவு வந்துவிட்டது. பொய்க் கேஸ் போட்டதற்கு என்று அதில் இல்லை. இலாகாவுக்கு வருமான இழப்பு ஏற்படுத்தியதற்கு என்று இருந்தது. கிருபாகரன் அவரைத் திட்டவில்லை. பெல்ட்டையும் தொப்பியையும் வாங்கி வைத்துக்கொண்டு, "ஒரு வண்டிக்குச் சொல்லிட்டீங்க ஏட்டு. இங்க முன்னூத்தி நாப்பது நிக்கி. நான் எங்க போயிச் சொல்ல?" என்று மட்டும் கேட்டார்.

வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, தீர்ப்பு நகலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஏட்டு பேச்சித்தாய் வீட்டுக்குப் போனபோது அவள் முற்றத்தில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். அவர் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்; பூஜ்யத்தைச் சொன்னார், நாற்பத்தாறைச் சொன்னார், அரிவாள் சமையல்கட்டில் இருந்ததையும் சொன்னார்.

பேச்சித்தாய் கையிலிருந்த மீனைக் கீழே வைத்தாள்.

"சாவுற வரைக்கும் அந்த மெஷினத்தான் ஏசிக்கிட்டுக் கெடந்தாரு. நான் உங்கள ஒரு வார்த்த சொன்னா அடிக்க வந்துருவாரு. ஏட்டையா என்ன செய்வாரு பாவம், அது காட்டுனத எழுதுனாருன்னு சொல்லுவாரு."

ஏட்டு சுவரைப் பிடித்துக்கொண்டார். அவள் அவரைத் தேற்றவும் இல்லை, தூற்றவும் இல்லை. கீழே வைத்த மீனை எடுத்துக் காயப்போட்டாள். "வண்டிய எப்ப வந்து எடுத்துக்கிடுதீங்க மதினி?" என்று அவர் கேட்டார்.

"அது அங்கயே நிக்கட்டும். பிடுங்கினா பட்டுப்போவும். செத்தது போதும்." பிறகு அவர் பையிலிருந்து எடுத்து நீட்டிய தாளைப் பார்த்தாள். "இதுல அவரு குடிக்கலன்னு எழுதியிருக்கா?"

"எழுதியிருக்கு."

"எந்த எடத்துல?"

ஏட்டு விரல் வைத்துக் காட்டினார். அந்த வரியை அவள் கண்ணால் தடவிப் பார்த்தாள்.

"படிங்க."

"மேற்படி கடற்கரையாண்டி சம்பவத்தன்று மது அருந்தியிருக்கவில்லை."

"இன்னொருக்க படிங்க. சத்தமா."

படித்தார். பக்கத்து வீட்டில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது. பேச்சித்தாய் உள்ளே போய் முகம் கழுவி, சேலை மாற்றிக்கொண்டு வந்து, கதவைப் பூட்டினாள். "வாங்க" என்றாள். எங்கே என்று ஏட்டு கேட்கவில்லை.

மேலப்பொட்டலில் ஊர் நடுவே கிணற்றடியில் நின்று படித்தார். படித்தது கேட்காதவர்களுக்காக மறுபடி படித்தார். இது யார் படிக்கிறது என்று ஒருத்தர் கேட்க, கேஸ் போட்ட ஏட்டுதான் என்று அவரே சொல்லிக்கொண்டார். ஒரு கிழவர் காறித் துப்பினார், அது ஏட்டின் செருப்புக்குப் பக்கத்தில் விழுந்தது. கருவேலன்குடியில் தெருத் தெருவாகப் போய், கடற்கரையாண்டி எந்தெந்த வாசலில் நிற்பாரோ அந்தந்த வாசலில் நிறுத்தி, பேச்சித்தாய் படிக்கச் சொன்னாள். ஒரு வாசலைக்கூட அவள் விட்டுவிடவில்லை. ஆனையடி பஸ் ஸ்டாப்பில் பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் எழுந்து நின்று கேட்டார்கள். வெயில் ஏறிக்கொண்டே போனது. ஏட்டின் சட்டை உடம்போடு ஒட்டியது, தாள் வியர்வையில் நனைந்து மடிப்பில் கிழிந்தது. தண்ணீர் வேண்டுமா என்று அவளும் கேட்கவில்லை, வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை.

நாலாங்கட்டளைக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. முதல் வாசலில் ஏட்டு தாளை விரித்து வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. தொண்டையைச் செருமிவிட்டு மறுபடி முயன்றார், காற்றுத்தான் வந்தது. பேச்சித்தாய் அவரைப் பார்த்தாள். கை நீட்டித் தாளை வாங்கினாள். அவள் பிடித்திருந்த விதத்தில் எழுத்துகள் தலைகீழாக இருந்தன. கருவாடு விற்கிறவர்கள் தெருவுக்குள் நுழையும்போது குரலை நீட்டுவார்களே, அப்படி நீட்டி, அன்றைக்குக் காலையிலிருந்து நூறு தரம் கேட்டு மனப்பாடம் ஆகியிருந்த அந்த வரியை, ஒரு சொல் பிசகாமல் அவளே சொன்னாள்:

"மேற்படி கடற்கரையாண்டி... சம்பவத்தன்று... மது அருந்தியிருக்கவில்லை."

ஒவ்வொரு கதவாகத் திறந்தது. பெண்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள்; அவர்களில் நாலைந்து பேர் கையில், பழக்கத்தில் எடுத்து வந்த தட்டு இருந்தது.